மிளகாய்த்தூளுக்குள் மல்லி

ஹம்பேர்க்கில் சரக்கு அனுப்பி எடுக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். துறைமுகத்தில் வேலை என்று ஊரில் சொன்னால் நான் மூட்டை சுமக்கிறேன் என்று நினைத்து, "கவனம் பிள்ளை, நாரி பிடிச்சிடும்" என்கிறார்கள். இடுப்பில் நாரி பிடிப்பது உண்மைதான். ஆனால் அது கதிரையில் இருந்து இருந்து வந்தது. கப்பலில் வரும் பெட்டிகளின் பத்திரங்களைச் சரிபார்த்து, சுங்கத்துக்கு அனுப்பி, கடைசியில் யாராவது ஒருவரிடம் ஏச்சு வாங்குவதுதான் என் வேலை. கப்பலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நானும் மற்றவர்களைப் போல ஞாயிற்றுக்கிழமை எஸ்-பான் ரயில் பிடித்துப் போக வேண்டும்.

இந்த வேலையில் இருந்தால் உலகத்தில் யார் பெரிய ஆள், யார் சின்ன ஆள் என்று தானாகவே தெரிந்துவிடும். இந்தியாவில் இருந்து மிளகாய் வந்தால் முழுக் கொள்கலன்களாக வரும், ஒன்றின் பின் ஒன்றாக. எங்கள் தீவில் இருந்து, தேயிலையை விட்டுவிட்டால், பெரும்பாலும் இன்னொருவருடைய கொள்கலனில் இடம் கேட்டு ஒதுங்கித்தான் வரும். ஒரு பக்கம் தேங்காய்ப்பால், மற்றப் பக்கம் தும்புத்தடி, நடுவில் கித்துள் பாணி. "உங்கள் நாட்டுச் சாமான் வந்திருக்கிறது" என்று என்னோடு வேலை செய்பவர்கள் சொன்னால், ஒரு மரத்தட்டில் அடுக்கி பிளாஸ்டிக் சுற்றிய ஒரேயொரு பலட் என்று அர்த்தம். ஒரு பலட்டுக்கும் நாற்பது கொள்கலனுக்கும் பத்திரம் ஒன்றுதான், ஏச்சும் ஒன்றுதான்.

அப்படி வந்த பலட்டுகளில் ஒன்று எங்கள் குடும்பத்துப் பலட்.

என் கணவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தங்கை. நான் அவளுக்கு மச்சாள், அவள் எனக்கு மச்சாள். வயதில் என்னிலும் இளையவள், குரலில் மூத்தவள். அவளுடைய கணவர் ரொறன்ரோவுக்குப் போய்ப் பல வருடங்கள். அங்கே ஒரு பேக்கரியில் பாண் போடுகிறார். அவர் போன பிறகு இவள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஒரு மில் போட்டாள். முதலில் அயலவர்களுக்குத் தூள் திரித்துக் கொடுத்தாள், பிறகு பைக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். இப்போது ஏழெட்டுப் பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். எல்லோரும் தும்மிக்கொண்டே சிரிப்பார்கள். வீடியோ அழைப்பில் அவர்களைப் பார்த்தால் எனக்கு இங்கே இருந்தே மூக்கு அரிக்கும்.

ஒரு நாள் அவளை ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். தலைப்பைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள்: சிறிய தீவுப் பொருளாதாரத்தில் ஏற்றுமதிப் போட்டித்திறனை மேம்படுத்தல். "மூச்சு வாங்குது மச்சாள், இதை ஒரே மூச்சில வாசிக்க" என்றாள். கொழும்பில் இருந்து வந்த ஆலோசகர் திரையில் படம் படமாகக் காட்டினாராம். விலையில் போட்டி போடலாம், அளவில் போட்டி போடலாம், தரத்தில் போட்டி போடலாம் என்றாராம். இவள் எழுந்து, "பக்கத்து நாட்டில ஒரு மாவட்டமே எங்கட முழு நாட்டுக்கும் காணும் ஐயா, அவையோட விலையில என்னெண்டு போட்டி போடுறது?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர், "அதுக்குத்தான் அம்மா, பெறுமதி சேர்க்க வேணும்" என்றாராம். அன்றிலிருந்து இவளுக்கு அது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. எதற்கெடுத்தாலும் பெறுமதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் அலுவலகத்துக்கு ஒரு ஜேர்மன் பெண்மணி வந்தார். ஹம்பேர்க்கில் மூன்று நான்கு இடங்களில் சரக்குச்சாமான் கடை வைத்திருக்கிறார். மிளகு, கறுவா, ஏலம் எல்லாம் கண்ணாடிப் போத்தலில் அழகாக நிற்கும் கடைகள். வேறு ஏதோ சரக்குக்கு வந்தவர், என் மேசையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியின் வாசத்தில் நின்றுவிட்டார். இது என்ன மிளகாய் என்று கேட்டார். நான் அடுத்த நாள் ஒரு சின்னப் போத்தலில் மச்சாளுடைய தூளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கிழமைக்குள் ஓர்டர் தந்துவிட்டார். ஒரு பலட். சரிவந்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் எடுப்பதாகச் சொன்னார்.

லேபல் அடிக்க வேண்டும். தமிழில் 'மிளகாய்த்தூள்' என்றும், இங்கிலீசில் 'சில்லி பவுடர்' என்றும் மச்சாள் ஏற்கெனவே போட்டுவைத்திருந்தாள். ஜேர்மன் மொழியில் என்ன என்று போனில் கேட்டாள். பக்கத்தில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்த என் கணவர், என்னை முந்திக்கொண்டு, "சில்லிப்புல்ஃபர்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அதில் பிழை இருப்பதாக எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் படவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எங்கே பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரக்கு கப்பலில் இருக்கும்போதே மறுபக்கம் இன்னொரு விஷயம் பழுத்துவிட்டது. மச்சாளுக்குக் கனடா ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது. பாஸ்போர்ட்டை அனுப்பினால் விசா குத்தித் தருவார்கள். எத்தனையோ வருடம் ஏங்கிய விஷயம். ஆனால் அது ஏங்கிக் களைத்து, மில் போட்டு, அந்த மில்லும் ஓடத் தொடங்கிய பிறகு வந்தது. அவர் அங்கே இருந்து "கெதியா அனுப்பும்" என்கிறார். இவள் அசையவில்லை.

"மச்சாள், ஜேர்மன்காரர் எடுத்தா நான் நிப்பன். எடுக்காட்டி மில்லைப் பூட்டிப்போட்டுப் போறன். முடிவு அவ்வளவுதான்" என்றாள்.

"அந்த மனுசன் பாவமெல்லே?"

"நானும் பாவம்தானே" என்றாள். என் கணவர் எழுந்து போய்க் குசினியில் இல்லாத வேலையெல்லாம் செய்தார். தங்கை விஷயம் என்றால் அவர் வாயைத் திறக்க மாட்டார், சட்டி பானையைத்தான் உருட்டுவார்.

பலட் வந்து சேர்ந்து, சுங்கம் எல்லாம் கடந்து, அந்தப் பெண்மணியின் களஞ்சியத்துக்குப் போனது. நான் நிம்மதியாக ஒரு கோப்பி குடித்தேன். இரண்டு கிழமை கழித்து அவரிடமிருந்து போன். குரலில் வழக்கமான இனிமை இல்லை. பரிசோதனைக் கூடத்தில் இருந்து அறிக்கை வந்திருக்கிறதாம், நேரில் வரச் சொன்னார். நாளும் நேரமும் குறித்து டெர்மின் தந்தார். ஜேர்மனியில் போனில் சொல்லாமல் டெர்மின் தந்தால் நல்ல செய்தி இல்லை என்பது இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் போனபோது அவரோடு இன்னொருவர் இருந்தார். பரிசோதனைக் கூடத்தில் இருந்து அறிக்கையை விளக்க வந்தவர். பார்த்தவுடனேயே நம்மவர் மாதிரி இருந்தது, ஆனால் அவர் என்னைப் பார்த்து ஜேர்மன் மொழியில் வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். எல்லோரும் கதிரையில் இருந்தோம். பெண்மணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இதில் கொத்தமல்லி இருக்கிறது" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

"பெருஞ்சீரகமும் இருக்கிறது."

"கட்டாயம் இருக்க வேண்டும்."

"சீரகம், வெந்தயம், மிளகு. ஏதோ ஓர் இலை."

"கறிவேப்பிலை" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் படுகிற பாட்டைப் பார்த்து உதவி செய்கிறேன் என்றுதான் எனக்கு நினைப்பு.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆக, நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்கள்."

"எதை?"

"கலப்படத்தை."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. கலப்படமா? எங்கள் வீட்டுத் தூளிலா? மச்சாள் மல்லியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, கருகாமல் வறுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து எடுக்கிறவள். என் வாயில் ஜேர்மன் மொழியே வரவில்லை. "இவவுக்கு என்ன விசரோ" என்று தமிழில் வந்துவிட்டது.

எதிரில் இருந்தவர் நிமிர்ந்தார். "மேடம், நீங்க தமிழா?"

தமிழ்நாட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கம் என்று பிறகு சொன்னார். படிக்க வந்து, இங்கேயே லாபில் வேலை எடுத்தவராம். பெண்மணியிடம் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், லேபல்ல மிளகாய்த்தூள்னு போட்டிருக்கு. ஆனா உள்ள தனியா இருக்கு."

யார் உள்ளே தனியாக இருப்பது என்று நான் ஒரு கணம் திகைத்தேன். பிறகுதான் அவர்கள் மல்லியை அப்படிச் சொல்வார்கள் என்பது ஞாபகம் வந்தது.

"ஓம் தம்பி, மல்லி. அதுக்கென்ன?"

"சோம்பு இருக்கு. வெந்தயம் இருக்கு. அப்ப இது மிளகாய்த்தூள் இல்லையே."

"என்ன தம்பி கதைக்கிறியள்? மிளகாய்த்தூளுக்குள்ள மல்லி இல்லாட்டி வேற என்ன இருக்கும்?"

"மிளகாய்."

"மிளகாய் மட்டுமோ?"

"மிளகாய் மட்டும்தாங்க."

"அது தனி மிளகாய்த்தூள்."

"அதைத்தாங்க நாங்க மிளகாய்த்தூள்னு சொல்றோம். இதை எங்க வீட்ல குழம்புத்தூள்னு சொல்வாங்க."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, எனக்கும் தொற்றிக்கொண்டது. பெண்மணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவருக்கு விளக்கினேன். எங்கள் பக்கத்தில் மிளகாய்த்தூள் என்று கேட்டால் கடைக்காரர் இதைத்தான் தருவார், வெறும் மிளகாயைத் திரித்தால் அதற்குத்தான் 'தனி' என்று ஒரு சொல் முன்னால் போட வேண்டும், கலப்பதுதான் எங்களுக்கு வழக்கம், கலக்காததுதான் விசேஷம் என்றேன். ஒருவரையும் ஏமாற்ற எண்ணவில்லை என்றேன். லாப் தம்பியும் பக்கத்தில் இருந்து தலையை ஆட்டி ஆட்டிச் சாட்சி சொன்னார்.

பெண்மணி நம்பினார். அவருக்கும் ஒரு சின்ன வெட்கம். "நான் சுவைத்தபோது, உங்கள் தீவின் மிளகாய்க்கே அந்த வாசம் என்று நினைத்துவிட்டேன்" என்றார். ஆனால் வியாபாரி வியாபாரிதான். மோசடி இல்லை என்பது நல்ல விஷயம், ஆனால் சில்லிப்புல்ஃபர் என்று எழுதி இதை விற்க முடியாது, சட்டம் விடாது என்றார். அப்படியென்றால் கறிப்பவுடர் என்று மாற்றிவிடலாமே என்று அவரே கேட்டு, அவரே தலையை ஆட்டி மறுத்தார். ஜேர்மன்காரருக்குக் கறிப்பவுடர் என்றால் மஞ்சள் நிறம், சொசேஜுக்கு மேலே தூவுவது. இது கறுப்புக் கலந்த சிவப்பு. வாங்கிப் போகிறவர்கள் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதோடு கறிப்பவுடர் என்று போட்டால் பக்கத்தில் இந்தியாவில் இருந்து வந்தது பாதி விலைக்கு நிற்கும், இதை யார் எடுப்பார்கள்?

"அடுத்த கிழமை வரைக்கும் பொறுக்கிறேன். இது என்ன என்று எனக்கு ஒரு சொல்லில் சொல்லுங்கள். முடியாவிட்டால் திருப்பி அனுப்புவேன்" என்றார்.

அன்று பின்னேரம் மச்சாளிடம் சொன்னேன். கலப்படம் என்ற சொல்லைத் தவிர்த்துத்தான் பேசினேன். என் கணவர் பின்னால் நின்று உளறிவிட்டார். அவள் மில்லை நிறுத்தச் சொன்னது போனில் கேட்டது.

"கலப்படம் எண்டவையோ?"

"இல்லை, அது பேந்து விளங்கப்படுத்திட்டன்."

"பெறுமதி சேர்க்கச் சொல்லிப்போட்டு, சேர்த்தாக் கலப்படமாம்" என்றாள். கோபமாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது. "காணும் மச்சாள். நான் போறன். அவர் அங்கை தனியச் சமைச்சுத் தின்னுறார். நானும் இஞ்சை தனியச் சமைச்சுத் தின்னுறன். ஆருக்காக?"

போனை வைத்துவிட்டு என் கணவரிடம், "உங்கடை வாய்தான் சில்லிப்புல்ஃபரும் சொன்னது, உங்கடை வாய்தான் கலப்படமும் சொன்னது. இனி அந்த வாய்க்குப் பாண் மட்டும்தான்" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அந்த மில்லை அவள் போட்ட நாளில் நான் அவளைக் கேலி செய்தவள்தான், இருந்தாலும் அது பூட்டிக் கிடக்கிற நினைப்பு எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாள் எஸ்-பானில் வேலைக்குப் போகும்போது மண்டைக்குள் இதுதான் ஓடியது. மிளகாய்த்தூள் என்று போட்டால் இந்தியாவோடு மோத வேண்டும். கறிப்பவுடர் என்று போட்டாலும் இந்தியாவோடு மோத வேண்டும். எந்தப் பெயரில் போனாலும் வாசலில் ஒரு பெரிய ஆள் நிற்கிறார். அவர் கெட்டவர் இல்லை, அவரிடம் இருந்துதான் நாங்கள் பாதி மிளகாயும் வாங்குகிறோம். ஆனால் அவர் நிற்கிற வரிசையில் போய் நின்றால் எங்களை ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆலோசகர் காட்டிய படங்களில் இந்த இடம் இருந்ததோ தெரியாது. எனக்கு எஸ்-பானில்தான் விளங்கியது: எங்களுக்கு வேண்டியது வேறொரு வரிசை.

ஆனால் வரிசைக்குப் பெயர் வேண்டுமே.

டெர்மினுக்கு முதல்நாள் உருளைக்கிழங்குப் பிரட்டல் செய்தேன். ஜேர்மன்காரருக்குத் தெரியாத காய்கறியைக் கொடுத்துப் பயப்படுத்தக் கூடாது. கிழங்கு என்றால் அவர்களுக்கும் சொந்தம், எங்களுக்கும் சொந்தம். மச்சாளுடைய தூளை மூன்று கரண்டி போட்டு, நன்றாக எண்ணெய் பிரியும்வரை விட்டேன். மறுநாள் ஒரு பெரிய பெட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். லாப் தம்பியும் வந்திருந்தார். வேலை விஷயமாக வந்தாரோ, பிரட்டல் விஷயமாக வந்தாரோ என்று நான் கேட்கவில்லை. போறன் என்று நின்ற மச்சாளைச் சமாதானப்படுத்தி, அவளையும் வீடியோவில் எடுத்து, போனை மேசையில் ஒரு போத்தலோடு சாய்த்து வைத்தேன். அவள் சேலை உடுத்தியிருந்தாள். பின்னால் மில் பெண்கள் வரிசையாக நின்றார்கள், ஒருவரும் தும்மக் கூடாது என்று கட்டளை.

பெண்மணி ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண் கலங்கியது, மூக்கைத் துடைத்தார், இன்னொன்றை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "டொல்" என்றார்.

ஜேர்மன் மொழியில் டொல் என்றால் அருமை, பிரமாதம். இங்கே எதற்கும் சொல்வார்கள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் படம் கீறினாலும் டொல், மழை விட்டாலும் டொல். ஆனால் யாழ்ப்பாணத்தில் மச்சாளுடைய காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"ஓம், ஓம், தூள்தான்" என்றாள் போனுக்குள் இருந்து, தலையைப் பலமாக ஆட்டி. "பாருங்கோ மச்சாள், அவவுக்குப் பேர் தெரியுது. நீங்கள்தான் சில்லி, கறி எண்டு கண்டதையும் எழுதுறியள். அவ சரியாச் சொல்லிப்போட்டா, தூள்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். லாப் தம்பி இன்னொரு கிழங்கோடு நின்று, "எங்க ஊர்லயும் ரொம்ப நல்லா இருந்தா தூள்னுதாங்க சொல்வோம்" என்றார். பெண்மணி எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். எங்கள் வீடுகளில் இதற்கு உண்மையில் மிளகாய்த்தூள் என்றுகூட முழுதாகச் சொல்வதில்லை, தூள் என்றால் போதும், கடைக்குப் போய்த் தூள் தாங்கோ என்றால் இதைத்தான் தருவார்கள் என்றேன். தமிழ்நாட்டில் தூள் என்றால் பிரமாதம் என்பதையும், அவர் சொன்ன டொல் மச்சாளுக்குத் தூள் என்று கேட்டதையும் சொன்னேன்.

அவர் ஒரு துண்டுக் கடதாசியில் ஜேர்மன் எழுத்தில் எழுதிப் பார்த்தார். தூள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். ளகரம் வரவில்லை, ஆனால் கடையில் கேட்டு வாங்கும் அளவுக்கு வந்தது. கீழே சின்ன எழுத்தில் 'யாழ்ப்பாணத்து வறுத்த சரக்குக் கலவை' என்றும், அதற்குக் கீழே உள்ளே இருப்பது அத்தனையும் போட வேண்டும் என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, வியாபாரக் குரலில், "இந்தப் பெயரில் கடையில் வேறு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் இதன் விலையை எதனோடும் ஒப்பிட முடியாது" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னபோது மச்சாளுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன். அவள் பின்னால் திரும்பி மில் பெண்களிடம் ஏதோ சொன்னாள், அடக்கி வைத்திருந்த தும்மல் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உடம்பு நோகும் வேலை. சுங்கத்துக்குத் திருத்தம் எழுதினேன், அது ஒரு தனிப் புராணம், விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை பகல் முழுக்கக் களஞ்சியத்தில் இருந்து பழைய லேபலுக்கு மேல் புது லேபல் ஒட்டினோம். நான், என் கணவர், எங்கள் கட்டடத்தில் இருக்கும் இரண்டு குடும்பம். என் கணவர் ஒவ்வொரு பைக்கற்றிலும் சில்லிப்புல்ஃபர் என்ற சொல் மறைகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வந்திருந்த அக்கா ஒருவர், "தங்கச்சி, இதுக்குள்ளை தனி மிளகாய்த்தூள் ஏதும் கலந்ததோ?" என்று கேட்டார். அவவுக்கு அதுதான் கலப்படம். எனக்கு வேலை ஓடவில்லை, சிரித்துச் சிரித்து.

கடைகளில் வைத்தார்கள். பெண்மணி தன்னுடைய கடை வாசலில் ஒரு பலகையில் சோக்கட்டியால் எழுதியும் வைத்தார். கொஞ்ச நாளில் போன் எடுத்து, அடுத்த பருவத்துக்கும் எடுக்கிறேன், இதே அளவு என்றார். இன்னும் கூட்டலாமா என்றும் கேட்டார். மச்சாள் உடனே மறுத்தாள். "கூட்டினா வறுக்கிறது கருகும். உந்த அளவுதான் எங்களாலை ஏலும்" என்றாள். பெரிய ஓர்டரை வேண்டாம் என்று சொன்னதற்கு நான் ஏசினேன். பிறகு யோசித்தால் அவள் சொன்னது சரி என்று பட்டது, ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆக, மில் தப்பிவிட்டது. அவள் சொன்ன சொல்லின்படி அவளும் ஊரிலேயே நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அன்று யாரும் கொண்டாடவில்லை. என் கணவர் ஒரு தரம் சட்டியை உருட்டிவிட்டு வந்து, "அவரிட்டை ஆர் சொல்லுறது?" என்றார். ரொறன்ரோவில் இருக்கிற மனிதர் பாஸ்போர்ட் வரும், விசா வரும், மனுசி வருவாள் என்று வீட்டுக்குப் புதுக் கட்டில் வாங்கிவைத்திருப்பதாக எங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். நல்ல மனிதர். ஒரு நாளும் மில்லை மூடு என்று சொன்னவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சாள் போன் எடுத்தாள். குரல் சின்னதாக இருந்தது. அவளுக்குச் சின்னக் குரலும் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"சொல்லிப்போட்டன் மச்சாள்."

"என்னெண்டு?"

"நான் வரேல்லை, மில் ஓடுது, இனி நீங்கள்தான் வரவேணும் எண்டு சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"கன நேரம் ஒண்டும் சொல்லேல்லை. பேக்கரியில அவரை ஆரோ கூப்பிடுறது கேட்டது. பேந்து, சரி எண்டார். பேந்து, வாறன் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மச்சாள், போனில ஆரும் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வைப்பினமோ? வைக்கிறன் எண்டுதானே சொல்லுறது?"

அவள் கேட்டது சரி. போனை முடிக்கும்போது நாங்கள் வைக்கிறன் என்போம். வாறன் என்பது வீட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொல்வது. போகிறவனும் அதைத்தான் சொல்வான். உண்மையாக வரப்போகிறவனும் அதைத்தான் சொல்வான். அவர் வேலைத்தலத்தில், அவசரத்தில், மனம் உடைந்து விடைபெற்றாரா, இல்லை மனுசி கேட்டதற்கு மறுமொழி சொன்னாரா என்று ஹம்பேர்க்கில் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

"திருப்பி எடுத்துக் கேளுமன்" என்றேன்.

"கேக்க மாட்டன்."

"ஏன்?"

"பயமாக் கிடக்கு" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அது தூளால் வந்தது இல்லை. "கேக்கேல்லை மச்சாள். ஆனா ஆக்களை நாளைக்கு வந்து வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிப்போட்டன்."